முதல் கேமிங் பிசி, பட்ஜெட் 85,000: கடையில் கொடுத்த கொட்டேஷன் சரியா?

#1 வைகைக்கரை | ஜூலை 2025

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில இருந்து எழுதுறேன். காலேஜ் மூணாம் வருஷம். ரெண்டு வருஷமா டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு, அப்பா கொடுத்தது எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய் கையில இருக்கு. மானிட்டரும் இதுக்குள்ளயே வரணும். கீபோர்டு, மவுஸ் இருக்கு.

அதிகமா ஆடுறது வேலரண்ட். சைபர்பங்க் 2077 ஆடணும்னு ரொம்ப நாள் ஆசை. இப்ப இருக்கிறது அண்ணன் விட்டுட்டுப் போன பத்து வருஷப் பழைய டெஸ்க்டாப். அதுல ரெண்டுமே முடியாது.

இங்க ஒரு கடையில எழுதிக் கொடுத்தது:

ஐ7-12700எஃப் பிராசஸர், எச்610 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ராம் ஒரே ஸ்டிக், ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 512 ஜிபி எஸ்எஸ்டி, ஆறு ஆர்ஜிபி ஃபேன் வச்ச கண்ணாடி கேபினட், அதோடயே வர்ற 500 வாட் எஸ்எம்பிஎஸ் (பிசிக்குள்ள கரண்ட் கொடுக்கிற பெட்டி), 24 இன்ச் 75 ஹெர்ட்ஸ் மானிட்டர்.

"ஐ7 போட்டுட்டா அஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்ல"ன்னு சொன்னாங்க. எனக்கு ஒரே சந்தேகம்தான். 3050 கார்டு போதுமா, இல்ல எப்படியாவது ஆர்டிஎக்ஸ் 4060க்கு மாறணுமா?

#2 செம்பருத்தி

தம்பி, அட்வான்ஸ் எதுவும் கொடுத்துடலையே? கொடுக்கலன்னா நல்லது.

இந்தக் கொட்டேஷன்ல கிராபிக்ஸ் கார்டை விட பிராசஸருக்கு அதிகக் காசு போகுது. கேம் ஆடுற மெஷினுக்கு இது தலைகீழ். 12700எஃப் நல்ல பிராசஸர்தான், பன்னிரண்டு கோர். ஆனா சைபர்பங்க்ல படத்தை வரையிறது கிராபிக்ஸ் கார்டு. அந்த ஐ7 பாதி நேரம் கார்டுக்காகக் காத்துக்கிட்டு சும்மா உட்கார்ந்திருக்கும்.

3050ல ரெண்டு வகை இருக்கு. 8 ஜிபில 2560 கோர், 6 ஜிபில 2304 கோர்தான், கார்டும் அதோட மெமரியும் பேசுற பாதையான மெமரி பஸ்ஸும் 128 பிட்ல இருந்து 96க்குக் குறைஞ்சுடும். பெட்டி மேல ரெண்டுக்கும் 3050ன்னுதான் போட்டிருக்கும். மெமரி மட்டும்தான் குறைவுன்னு நினைச்சு வாங்கிடாத. அது வேற கார்டு.

அப்புறம் 12700எஃப் முழு மூச்சா ஓடும்போது 180 வாட் வரைக்கும் இழுக்கும். விலை குறைஞ்ச எச்610 போர்டுல அதுக்குக் கரண்ட் கொடுக்கிற பகுதி சூடாகி, பிராசஸர் வேகத்தைத் தானே குறைச்சுக்கும். ஐ7க்குக் காசு கொடுத்து ஐ5 வேகத்தை வாங்குற கதைதான்.

நான் பார்ட்ஸ் தேடும்போது எப்பவும் மானிட்டர்ல இருந்துதான் தொடங்குவேன். நீ வேலரண்ட் ஆடுற. 75 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 75 படம் காட்டுற மானிட்டர்ல உட்கார்ந்து 200 ஃபிரேம் வந்தாலும் உன் கண்ணுக்கு வர்றது 75தான். ஃபுல் எச்டி, ஐபிஎஸ் வகைத் திரை, 144 ஹெர்ட்ஸுக்கு மேல. அதை முதல்ல முடிவு பண்ணு. பத்தாயிரம் பக்கம் வந்துடும். மீதி 75,000ஐ அந்த மானிட்டருக்கு ஏத்த மாதிரி பிரிச்சுக்கலாம்.

#3 ஃபிரேம் பிரியன்

செம்பருத்தி சொன்னதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல. என் கணக்கு இது:

ரைசன் 5 5600 பிராசஸர், பி550 போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரெண்டு ஸ்டிக்கா, ஆர்டிஎக்ஸ் 4060, 1 டிபி எஸ்எஸ்டி, நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ். மானிட்டரோட சேர்த்தாலும் 80,000ஐ தாண்டாது. 4060 வெறும் 115 வாட் கார்டு. சூடும் கம்மி, கரண்ட் பில்லும் கம்மி. படத்தைச் சின்னதா வரைஞ்சு பெருசாக்கி ஃபிரேமைக் கூட்டுற டிஎல்எஸ்எஸ் இருக்கு. இந்த பட்ஜெட்ல இதுக்கு மேல யோசிக்க ஒண்ணுமில்ல.

ஒரே ஒரு எச்சரிக்கை. 5600 கேட்டா "5500 ஒண்ணுதான், ரெண்டாயிரம் கம்மி"ன்னு கையில கொடுப்பாங்க. 5500ல, பிராசஸரும் கார்டும் பேசுற பாதையான பிசிஐஇ, பழைய 3.0தான். 4060 எட்டு லேன்லதான் பேசுற கார்டு. பழைய வேகத்துல எட்டு லேன்னா, கார்டோட 8 ஜிபி மெமரி நிறையும்போது ஆட்டம் திக்கித் திக்கி ஓடும்.

#4 தறிச்சத்தம்

ஈரோட்டுல இருந்து. முதல் பிசி கட்டுறவங்க கிட்ட 2025ல ஏஎம்4, அதாவது 5600 உட்கார்ற பழைய சாக்கெட்டை வாங்கச் சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்லீங்க. அந்த சாக்கெட் முடிஞ்ச கதை. அடுத்த சாக்கெட்டான ஏஎம்5க்கு 2027 வரைக்கும், அதுக்கு மேலயும் புது பிராசஸர் தர்றதா ஏஎம்டியே சொல்லியிருக்காங்க. தம்பி படிச்சு முடிச்சு வேலைக்குப் போனதும் பிராசஸரை மட்டும் கழட்டிட்டு, கேமுக்கு இன்னும் வேகமான எக்ஸ்3டி பிராசஸர் ஒண்ணைப் போட்டுக்கலாம். போர்டு, ராம் எதையும் தொட வேண்டாம்.

ரைசன் 5 7600 பிராசஸர், பி650 போர்டு, டிடிஆர்5 6000ல 16 ஜிபி ரெண்டு ஸ்டிக். கூலர் பெட்டிக்குள்ளயே வருது. கார்டு ஆர்எக்ஸ் 7600. இதுவும் கிட்டத்தட்ட 85க்குள்ள நிக்கும்.

#5 ஃபிரேம் பிரியன்

அஞ்சு வருஷம் கழிச்சு மாத்தப் போற பிராசஸருக்காக இன்னிக்கே கார்டைக் குறைக்கணுமா? அப்படி மாத்துறவங்களை நான் ரொம்பக் கம்மியாத்தான் பார்த்திருக்கேன். 7600 கார்டு 165 வாட் இழுக்குது, ஒளியையும் நிழலையும் நிஜம் மாதிரி வரையிற ரே டிரேசிங்ல 4060க்குப் பின்னாடிதான் நிக்குது. சைபர்பங்க் ஆசைன்னு தம்பியே எழுதியிருக்கார்.

#6 செம்பருத்தி

ரே டிரேசிங் இல்லாம ஆடினா ரெண்டு கார்டும் தோளுக்குத் தோள்தான். இந்த விலையில ரே டிரேசிங்கை முழுசாப் போட்டு ஆடவும் முடியாது. ஆனா தம்பி பிளெண்டர்ல 3டி வேலை, வீடியோ எடிட்டிங்னு ஏதாவது செய்றதா இருந்தா நான் என்விடியா பக்கம்தான், அதாவது 4060 பக்கம்தான் சாய்வேன். வெறும் கேம்னா 7600 கார்டுல மிச்சமாகுற காசை ராம்ல போடலாம். வைகைக்கரை, நீ வேற என்ன வேலை செய்வ?

16 ஜிபி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி கார்டு வாங்க முடிஞ்சா இந்தச் சண்டையே வந்திருக்காது. அதுக்குப் பட்ஜெட் எட்டாது, விட்டுடுவோம்.

#7 நெல்லை சர்வீஸ்

தம்பிக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் பதினேழு வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். பிராசஸர், கார்டு பற்றி இங்கே மற்றவர்கள் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். யாரும் தொடாத ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: "கேபினட்டோடயே வர்ற 500 வாட் எஸ்எம்பிஎஸ்."

என் மேசைக்கு வரும் செத்த மெஷின்களில் அதிகம் பார்ப்பது இதைத்தான். எஸ்எம்பிஎஸ் தனியாகச் சாகாது. போகும்போது போர்டையும் சில நேரம் கார்டையும் ஹார்ட் டிஸ்கையும் கூட்டிக்கொண்டு போய்விடும். போன மாதம் ஒரு பையன் அழாத குறையாக வந்து நின்றான். 40,000 ரூபாய் கார்டு, ஆயிரம் ரூபாய் எஸ்எம்பிஎஸ்.

கடைக்குப் போனால் அந்த எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் வாங்கிப் பக்கவாட்டில் இருக்கும் லேபிளைப் படியுங்கள். மேலே பெரிதாக 500 என்று இருக்கும், அதைப் பார்க்காதீர்கள். கீழே கட்டம் போட்டு 3.3, 5, 12 வோல்ட் என்று இருக்கும். 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசஸரும் கார்டும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட்டைத்தான். 14 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 12 பெருக்கல் 14, 168 வாட். அவ்வளவுதான் உங்கள் 500. நல்ல 650 வாட் எஸ்எம்பிஎஸ் லேபிளில் அதே இடத்தில் 54 ஆம்பியர் இருக்கும், 648 வாட்.

80 பிளஸ் பிரான்ஸ், கோல்டு என்பதெல்லாம் கரண்டை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான முத்திரை. பாதுகாப்புக்கான முத்திரை அல்ல. ஆனாலும் முத்திரையே இல்லாததை வாங்க வேண்டாம். ஐந்து வருட வாரண்டி தருகிற எஸ்எம்பிஎஸ்ஸாக எடுங்கள்.

ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் இந்த மெஷினை மாட்டப்போகும் பிளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா?

#8 வைகைக்கரை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னிக்கு சாயங்காலம் திரும்பக் கடைக்குப் போய் அந்த லேபிளைப் பார்த்தேன் சார். 12 வோல்ட்டுக்கு நேரா 16 ஆம்பியர். 192 வாட். 3050ஐயே அது எப்படித் தாங்கும்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன்.

செம்பருத்தி அக்கா, கேம் மட்டும்தான். பிளெண்டர் எல்லாம் தெரியாது.

சார், மூணு ஓட்டை பிளக்தான். எர்த் இருக்குன்னுதான் நினைக்கிறேன். ஆனா ஒண்ணு சொல்லணும். பழைய டெஸ்க்டாப்போட கேபினட்டை வெறுங்காலோட நின்னு தொட்டா விரல்ல சுர்ருனு இருக்கும். பின்பக்கம் ஸ்க்ரூ இருக்கிற இடத்துல இன்னும் அதிகமா. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். பழசுன்னு நினைச்சுக்கிட்டோம்.

#9 நெல்லை சர்வீஸ்

தம்பி, பார்ட்ஸ் வாங்குவதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள்.

மூன்றாவது ஓட்டை இருப்பதும் எர்த் இருப்பதும் வேறு வேறு. அந்த சுர் ஏன் வருகிறது என்று சொல்கிறேன். எஸ்எம்பிஎஸ் உள்ளே லைனின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறிய கெப்பாசிட்டர் இருக்கும். ஒன்று ஃபேஸிலிருந்து பாடிக்கு, மற்றது நியூட்ரலிலிருந்து பாடிக்கு. எர்த் இருந்தால் அதில் கசிவது வயர் வழியாக மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினட் இரண்டுக்கும் நடுவில் தொங்கும், 230இல் பாதி, சுமார் 115 வோல்ட்டில். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு நிற்கிறது. ஆனால் எஸ்எம்பிஎஸ் உள்ளே ஏதாவது ஷார்ட் ஆனால் முழு 230ம் அந்த கேபினட்டுக்கு வரும். போவதற்கு வேறு வழி இல்லை, தொடுகிற ஆள்தான் வழி.

மெஷினுக்கும் கெடுதல். மானிட்டர் வயரையும் பென் டிரைவையும் செருகும்போது அந்த மிதக்கும் வோல்டேஜ் போர்ட் வழியாகப் பாயும். காரணம் தெரியாமல் எச்டிஎம்ஐ போர்ட் செத்துப்போய் வந்த கார்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

நீங்களே பிளக்கைக் கழற்ற வேண்டாம். எலெக்ட்ரீஷியனை வரச் சொல்லி மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 பக்கம் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. டெஸ்டர் மட்டும் வைத்துவிட்டு "இருக்கு" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

#10 தறிச்சத்தம்

சார் சொன்னதை அப்படியே கேளுங்க தம்பி. எங்க பக்கம் தறி ஓடுற வீடுகள்ல வோல்டேஜ் ஏறி இறங்குறதைத் தினமும் பார்க்கிறோம்.

யூபிஎஸ் பத்தியும் சொல்லிடறேன். 600 விஏன்னு விக்கிறது 360 வாட் தாங்கும். உங்க மெஷின் ஆடும்போது 300 வாட் பக்கம் இழுக்கும், மானிட்டர் தனி. ஓரமா நிக்கும், நிதானமில்ல. 1 கேவிஏ, 600 வாட் எடுத்தா நிம்மதி. இன்னிக்கு காசு இல்லைன்னா பிறகு வாங்கிக்கலாம், மெஷின் அதுக்காகக் காத்திருக்க வேண்டாம். வீட்டுல இன்வெர்ட்டர் இருந்து அது சைன் வேவா இருந்தா, யூபிஎஸ் மோடுல போட்டுட்டு அதுலயே ஓட்டலாம். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்ல மட்டும் ஓட்டாதீங்க.

#11 வைகைக்கரை

எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பார்த்தார். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 231. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் வச்சா 70, 50னு ஆடிக்கிட்டே இருந்துச்சு. ஸ்விட்ச் போர்டைக் கழட்டினார். பச்சை வயர் உள்ள இருக்கு, ஆனா எதுலயும் மாட்டல. மடிச்சு, டேப் சுத்தி, ஒரு மூலையில திணிச்சு வச்சிருந்தாங்க. டேப் எல்லாம் பொடியா உதிருது. வீடு கட்டின நாள்ல இருந்தே அப்படி இருந்திருக்கு.

வீட்டுக்குப் பின்னாடி கிணத்தடியில எர்த் பைப் இருந்த இடத்தையும் காட்டினார். மேல இருந்த கிளாம்ப் துருப்பிடிச்சு கையோட வந்துடுச்சு. புதுசா குழி தோண்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் மாத்தி மாத்திப் போட்டு மூடினாங்க. ரெண்டு நாள் வேலை. இந்தச் செலவை அப்பா தனியா கொடுத்துட்டார். பிரிட்ஜ், கிரைண்டர், மோட்டார் எல்லாம் இத்தனை வருஷமா எர்த் இல்லாம ஓடினதுன்னு தெரிஞ்சதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

இப்ப நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 1.4 வோல்ட். பழைய டெஸ்க்டாப்பை ஆன் பண்ணி வெறுங்காலோட நின்னு, பின்பக்க ஸ்க்ரூவைத் தொட்டுப் பார்த்தேன். ஒண்ணுமே இல்ல.

#12 செம்பருத்தி

இதைப் படிச்சதும் எழுந்து போய் எங்க வீட்டு ஸ்விட்ச் போர்டையும் பார்க்கச் சொல்லிட்டேன்.

சரி, பார்ட்ஸுக்கு வருவோம். எங்க வாங்கப் போற? மதுரையிலயா, சென்னை ரிச்சி தெருவா, ஆன்லைனா? எங்க வாங்கினாலும் ஜிஎஸ்டி பில் வேணும், அதுல சீரியல் நம்பர் எழுதியிருக்கணும். "பில் இல்லாம 18 சதவீதம் கம்மி"ன்னு சொன்னா திரும்பி வந்துடு. வெளிநாட்டுல இருந்து தனியா கொண்டு வந்த கார்டுக்கு இங்க வாரண்டி கிடைக்காது. அது தெரிய வர்றது கார்டு போன பிறகுதான்.

செகண்ட் ஹேண்டுல ஆர்எக்ஸ் 580 கார்டு சல்லிசா இருக்குன்னு யாராவது ஆசை காட்டினாலும் வேண்டாம். அதுலயும் 2048 கோர் மட்டும் இருக்கிற வகை ஒண்ணு சுத்துது. உண்மையான 580க்கு 2304.

#13 வைகைக்கரை

முடிவு பண்ணிட்டேன். ரைசன் 5 7600, பி650 போர்டு, 16 ஜிபி ரெண்டு ஸ்டிக் டிடிஆர்5 6000, ஆர்எக்ஸ் 7600, 1 டிபி எஸ்எஸ்டி, 650 வாட் கோல்டு எஸ்எம்பிஎஸ், முன்பக்கம் வலை வச்ச சாதா கேபினட், 165 ஹெர்ட்ஸ் மானிட்டர். 86,200 ஆச்சு. மேல ஆன 1,200 டியூஷன் காசுல சமாளிச்சுட்டேன்.

ஃபிரேம் பிரியன் அண்ணா, உங்க செட்டுக்கும் விலை கேட்டேன். ரொம்ப யோசிச்சேன். வேலைக்குப் போனதும் பிராசஸரை மாத்தணும்கிற எண்ணம் எனக்கு உண்மையிலேயே இருக்கு, அதனாலதான் இது.

நானே அசெம்பிள் பண்ணப் போறேன். எதைப் பார்த்துச் செய்யணும்?

#14 ஃபிரேம் பிரியன்

உன் காசு, உன் மெஷின், நல்லா யோசிச்சுத்தான் எடுத்திருக்க. நான் இருந்தா 4060தான் எடுத்திருப்பேன், அதுல மாற்றம் இல்ல. அசெம்பிளிக்கு என்கிட்ட இருக்கிறதைச் சொல்றேன்.

ஏஎம்5ல பின் எல்லாம் போர்டு சாக்கெட்லதான் இருக்கு, பிராசஸர்ல இல்ல. பிராசஸரை மேல இருந்து நேரா வை, தேய்க்காத, அழுத்தாத. ஒரு பின் வளைஞ்சா வாரண்டி கிடையாது. மேல இருக்கிற கறுப்பு பிளாஸ்டிக் மூடி லிவரைப் பூட்டும்போது தானே தெறிச்சு வரும், பயப்படாத.

கூலர் மாட்ட, போர்டுல ரெண்டு பக்கமும் இருக்கிற பிளாஸ்டிக் கொக்கியைக் கழட்டணும். நாலு ஸ்க்ரூவையும் ஒண்ணுக்கொண்ணு குறுக்கா, கொஞ்சம் கொஞ்சமா முறுக்கு. பேஸ்ட் கூலர் அடியிலயே தடவி வந்திருக்கும், விரல் படக்கூடாது.

ராம் ரெண்டையும் பிராசஸர்ல இருந்து எண்ணி ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்ல போடு. எஸ்எஸ்டி மேல வர்ற தகட்டுக்கு அடியில ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், உரிச்சுட்டு மூடு. மானிட்டர் வயரைக் கார்டுல செருகு, போர்டுல இல்ல.

#15 யாழ்க்குடா

யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். நான் போன வருசம் கொழும்புக்குப் போய் பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவில சாமான் வாங்கி இதே ரைசன் 7600 பிராசஸர் வச்சுத்தான் கட்டினனான். தம்பிக்கு ஒண்டே ஒண்டு சொல்ல வேணும். முதல்தரம் பவர் போட்டவுடன திரை கறுப்பாத்தான் இருக்கும். ஃபேன் சுத்தும், போர்டில ஒரு சின்ன லைட் எரியும், வேற ஒண்டும் நடக்காது. டிடிஆர்5 ராமை போர்டு அளந்து பழகிற நேரம் அது. எனக்குப் பத்து நிமிசம் கிட்ட எடுத்தது. நான் பயந்துபோய் நடுவில ரெண்டுதரம் ஓஃப் பண்ணிப்போட்டன், ஒவ்வொருதரமும் முதலிலயிருந்து தொடங்கிச்சுது. நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருங்கோ.

#16 வைகைக்கரை

யாழ்க்குடா அண்ணா, நேத்து ராத்திரி உங்க பதிவுதான் என்னைக் காப்பாத்துச்சு.

மதியம் ரெண்டு மணிக்கு உட்கார்ந்தேன், முடிக்கும்போது எட்டு. பிராசஸர் லிவரைப் பூட்டும்போது வர்ற அந்த நறநறங்கிற சத்தத்துல கை நடுங்கிடுச்சு. பிறகு மூடி தெறிச்சு வந்ததும்தான் மூச்சு வந்துச்சு. பவர் பட்டனை அழுத்தினா கறுப்புத் திரை. அப்பா பின்னாடி நின்னு "வேலை செய்யலையாடா"ன்னு கேட்டார். "ராம் பழகுதுப்பா, பேசாம இருங்க"ன்னு சொல்லிட்டு கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்தேன். ஏழாவது நிமிஷம் போர்டு கம்பெனி பேரு திரையில வந்துச்சு. அப்பா என் தோள்ல கை வச்சார்.

பயாஸ்ல, அதாவது போர்டோட செட்டிங்ஸ் திரையில, ராம் வேகம் 4800னு காட்டுது. 6000 போட்டுத்தானே வாங்கினேன்? அப்புறம் வேலரண்ட் திறக்க மாட்டேங்குது, செக்யூர் பூட் வேணும்னு சொல்லுது.

#17 செம்பருத்தி

பயாஸ்ல எக்ஸ்போன்னு இருக்கும், ராமை அதோட முழு வேகத்துல ஓட்டுற செட்டிங், அதை ஆன் பண்ணினா 6000 வரும். திரும்ப ஒரு தடவை கறுப்புத் திரை வரலாம், காத்திரு. விண்டோஸ் 11ல வேலரண்டுக்கு டிபிஎம் 2.0, செக்யூர் பூட்னு ரெண்டு பாதுகாப்பு வசதியும் ஆன்ல இருக்கணும். ரெண்டும் பயாஸ்லயே இருக்கு.

முக்கியமா ஒண்ணு, விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல அட்வான்ஸ்டுக்குப் போய் மானிட்டர் எத்தனை ஹெர்ட்ஸ்ல ஓடுதுன்னு பாரு.

#18 வைகைக்கரை

60ல இருந்துச்சு அக்கா! 165க்கு மாத்திட்டேன். கேமே வேண்டாம், மவுஸை நகர்த்தினாலே தெரியுது. எக்ஸ்போ ஆன் பண்ணியாச்சு, 6000 காட்டுது. சைபர்பங்க் 70 ஜிபி இறங்கிக்கிட்டு இருக்கு, விடிய விடிய ஆகும்.

நெல்லை சார், அந்த எர்த் குழிக்கு இனிமே ஏதாவது செய்யணுமா?

#19 நெல்லை சர்வீஸ்

கோடை நாட்களில் வாரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். மண் காய்ந்தால் எர்த் பிடிக்காது. வருடம் ஒருமுறை அந்த கிளாம்பைத் திறந்து துரு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கிணற்றடி என்பதால் சீக்கிரம் பிடிக்கும்.